சேர்ந்துட்டு அப்புறம் மாறிக்கலாமா?

“இப்போதைக்கு இதுல சேர்ந்துடு, செகண்ட் இயர்ல நல்ல காலேஜா பார்த்து மாத்திக்கலாம்.” பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுலேருந்து இதை உன்கிட்ட நாலு பேராவது சொல்லியிருப்பாங்க. மாமா சொல்லியிருப்பார், டியூஷன் சார் சொல்லியிருப்பார், சில இடத்துல அட்மிஷன் கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கிறவரே சொல்லுவார். மாமா பாசத்துல சொல்றார், விட்டுடு. கவுன்ட்டர்காரர் சொன்னா உஷாராகிக்கோ. அவருக்கு இன்னிக்கு ஒரு சீட் நிரம்பினா போதும். அடுத்த வருஷம் நீ டிரான்ஸ்ஃபர் கேட்டுப் போய் நிக்கும்போது அந்த நாற்காலியில வேற ஆள் இருப்பார்.

வருஷா வருஷம் ஜூன், ஜூலையில சொந்தக்காரப் பிள்ளைங்களுக்கு சாய்ஸ் லிஸ்ட் போட்டுக் கொடுக்கிற வேலை எங்க வீட்டுல என் தலையிலதான் விழும். அதுல நான் பார்த்த வரைக்கும், தமிழ்நாட்டுல காலேஜ் மாறுறதுக்கு மூணு நேரம் நல்ல நேரம். ஒண்ணு, கவுன்சிலிங் நடந்துக்கிட்டு இருக்கும்போது. ரெண்டு, அட்மிஷனோட கடைசித் தேதி முடியறதுக்கு முன்னாடி. மூணு, டிகிரியை முடிச்ச பிறகு. இதுக்கு நடுவுல மாறுறதுக்கும் விதி இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அதை நம்பி ஒரு காலேஜ்ல சேராதே. நாலு வருஷமும் இங்கேயே படிக்க வேண்டி வந்தா சம்மதமான்னு உன்னையே கேளு. சம்மதம்னா சேரு. இல்லேன்னா அந்த காலேஜை லிஸ்ட்லேருந்து இப்பவே எடுத்துடு.

மாறுறதா இருந்தா கவுன்சிலிங்குக்குள்ளேயே மாறு

இன்ஜினீயரிங்குக்கு வர்றேன், ஏன்னா அதிகமா குழம்புறது அங்கதான். கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50ன்னு 200க்குக் கட்ஆஃப் போட்டு ரேங்க் வந்துடும். 2018ல கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறின பிறகு, நீ எத்தனை காலேஜ் வேணும்னாலும் லிஸ்ட்ல போடலாம். அப்படியும் நிறைய பேர் பத்து, பதினஞ்சு போட்டுட்டு நிறுத்திடறாங்க. அதுலயும் “இது நமக்குக் கிடைக்காது”ன்னு சொல்லி நல்ல காலேஜ் பேரை எல்லாம் அவங்களே அடிச்சுடுவாங்க. கிடைக்காததை மேல போட்டா உனக்கு நஷ்டம் ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் லிஸ்ட்டை மேலேருந்து கீழே படிச்சுக்கிட்டே வந்து, உன் ரேங்குக்கு எது காலியா இருக்கோ அங்க நிக்கும். அதனால கிடைக்குமான்னு யோசிச்சு வரிசை போடாதே. எது வேணுமோ அது மேல, அடுத்தது அதுக்குக் கீழ.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் திரையில சில விருப்பங்கள் கேட்கும். அந்த ஒரு கிளிக்கைப் பத்தி வீட்டுல யாரும் பேசறதில்ல. எந்த காலேஜ்னு மாசக்கணக்கா பேசுவாங்க, எதை அமுக்கறதுன்னு பிரௌசிங் சென்டர் பையன்கிட்ட விட்டுடுவாங்க.

‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’னா, கிடைச்சது போதும், நான் சேர்றேன்னு அர்த்தம். அதோட உன் ஆட்டம் முடிஞ்சுது. ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’னா, இதைப் பிடிச்சு வெச்சுக்கிறேன், என் லிஸ்ட்ல இதுக்கு மேல இருக்கிற எதுலயாவது இடம் விழுந்தா அங்க போறேன்னு அர்த்தம். மேல ஒண்ணும் கிடைக்கலேன்னாலும் கையில இருக்கிறது போகாது. ‘டிக்ளைன் அண்ட் அப்வர்ட்’ ஆபத்தானது. கிடைச்சதை விட்டுட்டு மேல இருக்கிறதுக்கு மட்டும் காத்திருக்கிறது அது. மேல விழலேன்னா அடுத்த ரவுண்டுல, மத்தவங்க எடுத்தது போக மிச்சம் இருக்கிறதுலதான் தேடணும். விட்டுட்டு அடுத்த ரவுண்டுக்குப் போறது, மொத்தமா விலகறதுன்னு இன்னும் ரெண்டு இருக்கு. அதைப் பேர்லேயே புரிஞ்சுக்கலாம்.

செகண்ட் இயர்ல மாறிக்கலாம்னு சொல்ற பாதிப் பேர் இங்க ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’ போட்டவங்க. கையில இருக்கிறது நழுவிடுமோன்னு பயம். செலவில்லாம, சிலபஸ் சிக்கல் இல்லாம, யாரோட கையெழுத்தும் தேவைப்படாம காலேஜ் மாற அரசாங்கமே கொடுக்கிற ஒரே வாய்ப்பு அந்த அப்வர்ட். அதை விட்டுட்டு, ஒரு வருஷம் கழிச்சு அதையே படியேறி இறங்கிக் கேட்கிறாங்க.

அப்வர்ட்லயும் ஒரு கண்ணி இருக்கு. மேல இருக்கிறது கிடைச்சுட்டா பழைய இடம் அந்த நிமிஷமே போயிடும். திரும்பி வந்து “எனக்கு முதல்ல கொடுத்ததே இருக்கட்டும்”னு கேட்க முடியாது. சும்மா கௌரவத்துக்காக கோயம்புத்தூர் காலேஜ் ஒண்ணை மேல போட்டு வெச்சிருந்தா அது விழுந்துடும். அப்புறம் அம்மா ஹாஸ்டல் வேண்டாம்னு அழ, அப்பா ஃபீஸ் கணக்குப் போட, வீடே ரெண்டாகும். போக மாட்டேன்னு தெரிஞ்ச எதையும் லிஸ்ட்ல மேல வைக்காதே. பதில் சொல்ல வழக்கமா ரெண்டே நாள்தான் கொடுப்பாங்க. அந்த ரெண்டு நாள்ல குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிடாதீங்க. சேர்றேன்னு போட்டவங்க எங்க போய்ப் பணம் கட்டணும், அப்வர்ட் போட்டவங்க எந்த உதவி மையத்துல கட்டணும்னு ஒவ்வொரு வருஷக் கையேட்டுலயும் இருக்கும். அதை மட்டும் யாரையும் நம்பாம நீயே படி.

முன்னாடியே கட்டின பணம்

நிறைய வீட்டுல இப்படி நடக்குது: கவுன்சிலிங் வரைக்கும் எதுக்கு ரிஸ்க்குன்னு, ஏப்ரல், மே மாசத்துலேயே ஒரு டீம்டு யூனிவர்சிட்டியில ஃபீஸ் கட்டி இடம் பிடிச்சுடறது. அப்புறம் கவுன்சிலிங்ல நல்ல இடம் வந்தா, கட்டின பணம் போயிடுமேன்னு அங்கேயே சேர்ந்துடறது. பணத்துக்காக நாலு வருஷத்தைக் கொடுக்கிற அளவுக்கு சட்டம் அவ்வளவு மோசமா இல்ல.

2018ல யுஜிசி போட்ட அறிவிப்புல கணக்கு தெளிவா இருக்கு. அட்மிஷனுக்குன்னு அறிவிச்ச கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கும் மேலயோ முன்னாடி விலகினா முழு ஃபீஸும் திரும்ப வரணும். அதுல செயல்பாட்டுச் செலவுன்னு 5 சதவீதம் வரைக்கும், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல போகாம பிடிச்சுக்கலாம். கடைசித் தேதிக்கு 15 நாளுக்குள்ள விலகினா 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள் வரைக்கும் 80. அதுக்கப்புறம், தேதியிலேருந்து 30 நாள் வரைக்கும் 50. அதையும் தாண்டினா ஒண்ணும் கிடையாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடணும், பிடிச்சு வைக்கக் கூடாதுன்னும் அதுல இருக்கு. கவுன்சிலிங் தள்ளிப் போன சில வருஷங்கள்ல யுஜிசி இதைவிடத் தாராளமாவே தேதி கொடுத்திருக்கு. தொழில்நுட்பப் படிப்புகளுக்கு ஏஐசிடிஇ-யும் ஒண்ணு சொல்லுது: நடுவுல விட்டுட்டுப் போற பிள்ளைகிட்ட மீதி வருஷங்களோட ஃபீஸைக் கேட்கக் கூடாது. “நாலு வருஷ ஃபீஸையும் கட்டினாத்தான் டிசி”ன்னு யாராவது மிரட்டினா, அதை எழுத்துல கொடுங்கன்னு பணிவாக் கேளு. எழுதிக் கொடுக்க மாட்டாங்க.

ஆனா சட்டம் உன் பக்கம் இருந்தா மட்டும் போதாது, காகிதமும் இருக்கணும். பணம் கட்டும்போதே ரசீது யார் பேர்ல, எதுக்குன்னு போட்டிருக்குன்னு பாரு. டியூஷன் ஃபீஸ்னு போட்டிருந்தா கேட்டு வாங்கலாம். ஏதோ டிரஸ்டுக்கு நன்கொடைன்னு போட்டிருந்தா கஷ்டம். ரசீதே இல்லேன்னா அந்தப் பணத்தை மறந்துடலாம். விலகறேங்கிறதை வாயால சொல்லிட்டு வராதே. மெயில்ல அனுப்பு, ஆபீஸ்ல சீல் போட்டு ஒரு நகல் வாங்கு. சதவீதம் எல்லாமே தேதியை வெச்சு ஓடுது. நீ என்னிக்கு சொன்னேன்னு அவங்க டைரியில இருக்கிறதைவிட உன் மெயில்ல இருக்கிறது நல்லது.

செகண்ட் இயர் டிரான்ஸ்ஃபர்னா உள்ளே என்ன நடக்கும்?

அண்ணா யூனிவர்சிட்டிக்குக் கீழ 400க்கும் மேல காலேஜ் இருக்கு. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போக விதி இருக்கு. மூணாவது செமஸ்டர் தொடங்கும்போது போறதுதான் வழக்கம். அரியர் இருக்கக் கூடாது. போற இடத்துல அதே பிராஞ்சுல காலியிடம் இருக்கணும். விடுற காலேஜ், சேர்க்கிற காலேஜ் ரெண்டும் தடையில்லைன்னு எழுதிக் கொடுக்கணும். அதுக்கு மேல அதிகாரிங்க ஒப்புதல்.

இதுல காலியிடம்ங்கிற வார்த்தையில ஒரு நிமிஷம் நில்லு. நீ ஆசைப்படுற காலேஜ்ல, நீ ஆசைப்படுற பிராஞ்சுல இடம் எப்படிக் காலியாகும்? முதல் ரவுண்டுலேயே நிரம்பின இடம் அது. அதை விட்டுட்டுப் போறவங்க ரொம்பக் கொஞ்சம். அப்படி மிச்சமாகிற முதல் வருஷ இடங்களுக்கும் டிப்ளமோ முடிச்சு நேரடியா ரெண்டாம் வருஷம் வர்ற பிள்ளைங்க வரிசையில நிக்கிறாங்க. காலியிடம் நிறைய இருக்கிற காலேஜுக்கு நீ போக விரும்ப மாட்டே. நீ போக விரும்புற காலேஜ்ல காலியிடம் இருக்காது. அப்பாவுக்கு வேற ஊருக்கு மாற்றல், உடம்பு சரியில்ல, வீட்டுல யாரையோ பார்த்துக்கணும், காலேஜே மூடுற நிலைமைன்னு வர்றவங்களுக்கு இந்த வழி உதவுது. அவங்க பெரிய பேரைத் தேடிப் போகல. தங்களுக்கு வசதியான ஊரைத் தேடிப் போறாங்க. அது நடக்கும். சுமாரான காலேஜ்லேருந்து டாப் காலேஜுக்கு ஏணி மாதிரி இதை நெனச்சா ஏமாந்துதான் போவே.

அடுத்தது சிலபஸ். அட்டானமஸ் காலேஜ்னா அவங்களே சிலபஸ் போட்டு, அவங்களே கேள்வித்தாள் எடுப்பாங்க. அதனால ஒரே யூனிவர்சிட்டிக்குக் கீழ இருந்தாலும் ஒரு காலேஜ்ல முதல் வருஷம் முடிச்ச பேப்பர் இன்னொண்ணுல இருக்கணும்னு இல்ல. ஒரு உதாரணம் சொல்றேன். அண்ணா யூனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன்ல முதல் செமஸ்டர்ல ‘தமிழர் மரபு’, ரெண்டாவதுல ‘தமிழரும் தொழில்நுட்பமும்’னு பேப்பர் இருக்கு. வெளியிலேருந்து ஒரு டீம்டு யூனிவர்சிட்டி பிள்ளை வந்தா இது ரெண்டும் அவனுக்கு இருந்திருக்காது. இப்படி விட்டுப்போன ஒவ்வொண்ணையும் புது காலேஜ்ல, அந்த செமஸ்டர் பாடத்தோட சேர்த்து எழுதச் சொல்லுவாங்க. மூணாவது செமஸ்டர்ல கணக்கே கழுத்தைப் பிடிக்கும்; அதோட சேர்த்து இதையும் எழுதணும்.

அப்புறம் வருகைப் பதிவு. ஃபைல் மேஜை மேஜையா நகர்றப்போ வகுப்பு ஓடிக்கிட்டே இருக்கும். 75 சதவீதம் இல்லேன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க. தாமதமா வந்து சேர்ந்தா முதல் நாளே அந்தக் கணக்கைக் கேட்டுக்கோ.

சலுகையில இருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எல்லாம் கவுன்சிலிங் வழியா கிடைச்ச இடத்தோட ஒட்டிக்கிட்டு வர்றது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அது வராது. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு 2022லேருந்து மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டம், பசங்களுக்கு 2024ல வந்த தமிழ்ப் புதல்வன் எல்லாம் நீ படிக்கிற காலேஜ் மூலமாத்தான் பதிவாகும். மாறினா இது ஒவ்வொண்ணும் தொடருமா, யார் மாத்திக் கொடுப்பாங்கன்னு பழைய காலேஜ் ஆபீஸ்லயும் புது காலேஜ் ஆபீஸ்லயும் தனித்தனியா கேளு. ரெண்டு பதிலும் ஒண்ணா இருந்தா சந்தோஷம்.

ஐஐடி, என்ஐடிக்கு இப்படி நடுவுல போக வழியே இல்ல. பி.டெக்.னா ஜேஇஇ எழுதித்தான் முதல் வருஷத்துல சேரணும். “ஆள் இருக்கார், செகண்ட் இயர்ல என்ஐடி வாங்கித் தரேன்”னு ஒருத்தர் சொன்னா அவர் நம்பரை பிளாக் பண்ணு. தமிழ்நாட்டுக் காலேஜுக்குள்ள டிரான்ஸ்ஃபர் வாங்கித் தரேன்னு கமிஷன் கேட்கிறவங்களும் அதே ரகம்தான். நீயே ஆபீஸ்ல கொடுக்க வேண்டிய விண்ணப்பத்துக்கு அவங்க எதுக்கு?

நடுவுல மாறுறதுக்குன்னே போட்ட பாதை

பாலிடெக்னிக். வீட்டுல இதைக் கௌரவக் குறைச்சலா பார்க்கிறாங்க, எனக்குக் கோபம் வர்ற விஷயம் இது. பத்தாவதுக்கு அப்புறம் மூணு வருஷ டிப்ளமோ, அதை முடிச்சா பி.இ. நேரடி ரெண்டாம் வருஷம். அதுக்குன்னு தனிக் கவுன்சிலிங் நடக்குது, அதுக்குன்னு இடம் ஒதுக்கியிருக்கு. பிளஸ் டூ முடிச்சவங்களும் டிப்ளமோவுல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். பிளஸ் டூ மார்க் கம்மி, கணக்குல பிடிப்பு இல்ல, ஆனா கையால வேலை செய்யப் பிடிக்கும்னா, சுமாரான காலேஜ்ல நாலு வருஷம் அரியரோட மல்லுக்கட்டறதைவிட இது எவ்வளவோ மேல். லேப்ல ரெண்டு வருஷம் கை பழகிட்டு வர்ற டிப்ளமோ பிள்ளைங்களைப் பார்த்தா முதல் வருஷத்துலேருந்து படிக்கிறவங்களே சந்தேகம் கேட்டுப் போவாங்க. கணக்குப் பேப்பர்ல மட்டும் முதல் ஆறு மாசம் திணறுவாங்க. அதுக்கு இப்பவே தயாராகிடு.

ஆர்ட்ஸ் காலேஜ்னா

இங்க கதை கொஞ்சம் வேற. ஒரே யூனிவர்சிட்டிக்குக் கீழ இருக்கிற, அட்டானமஸ் இல்லாத ரெண்டு காலேஜுக்கு நடுவுல மாறுறது சிலபஸ் அளவுல சிக்கல் இல்லாதது. பாரதியார்லேருந்து பாரதிதாசனுக்கு, மெட்ராஸ் யூனிவர்சிட்டியிலேருந்து மனோன்மணியத்துக்குன்னா மறுபடி பேப்பர் கணக்கு ஆரம்பிச்சுடும். முதல் பகுதி மொழிப்பாடத்துல நீ தமிழா, ஹிந்தியா, ஃபிரெஞ்சா எடுத்தே, துணைப்பாடம் எதுன்னு எல்லாம் பார்ப்பாங்க.

இங்க வேற ஒரு வதந்தி ஓடும். “இப்போ செல்ஃப் ஃபைனான்ஸ்ல, சாயங்கால ஷிஃப்டுல சேர்ந்துடு. அடுத்த வருஷம் எய்டடுக்கு மாத்திடுவாங்க.” எய்டட் இடம் காலியானா, அதைக் கேட்கிறதுக்கு அதே ஷிஃப்டுல உன்னைவிட அதிக மார்க் வாங்கினவங்க இருப்பாங்க. ஷிஃப்ட் மாத்துற வழக்கம் அந்த காலேஜ்ல இருக்கான்னு மூணாம் வருஷப் பிள்ளைங்ககிட்ட கேளு. அவங்க வகுப்புல யாராவது மாறியிருந்தா பேர் சொல்லுவாங்க.

எப்படியும் மூணு வருஷப் படிப்பு. ரெண்டாம் வருஷம் மாறி, புது இடத்துல ஆள் பழகி, எந்த மேடம் நல்லா எடுப்பாங்கன்னு தெரியறதுக்குள்ள ஃபேர்வெல் வந்துடும். ஆர்ட்ஸ், சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு மாறுறதுக்கான நல்ல நேரம் பி.ஜி. உள்ளூர் காலேஜ்ல பி.எஸ்சி. கணக்கு படிச்ச பொண்ணு ஜாம் எழுதி ஐஐடியில எம்.எஸ்சி. சேரலாம். க்யூட் பி.ஜி. எழுதினா மத்தியப் பல்கலைக்கழகங்கள். எம்.சி.ஏ., எம்.பி.ஏ.வுக்கு டான்செட். இந்த இடங்கள்ல எந்த ஊரு காலேஜ்லேருந்து வந்தேன்னு கேட்கிறதில்ல, மார்க்கைத்தான் கேட்கிறாங்க. பி.இ. முடிச்சவங்களுக்கு கேட் பரீட்சையும் அப்படித்தான்.

எதை மாத்தணும்னு முதல்ல கண்டுபிடி

இதை நிதானமா சொல்லணும். அக்டோபர், நவம்பர்ல, முதல் இன்டர்னல்ல மார்க் குறைஞ்சு, தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துட்டுத் திரும்ப பஸ் ஏறும்போது, காலேஜ் மாத்தணும்னு எல்லாருக்கும் தோணும். அப்போ ஒரு பேப்பர் எடுத்து, என்ன பிடிக்கலேன்னு ஒண்ணொண்ணா எழுது. ‘காலேஜ் சரியில்ல’ன்னு எழுதாதே. சாப்பாடு, ரூம்மேட், வார்டன், பஸ்ல மூணு மணி நேரம், பாடம் எடுக்கிற விதம், பிராஞ்ச், ஊர்ல நாலு பேர் கேட்டா பேர் சொல்லக் கூச்சமா இருக்குன்னு, உள்ளபடி எழுது.

சாப்பாடும் ரூம்மேட்டும்னா ஹாஸ்டல் மாத்தினா முடிஞ்சுது. வெளியில நாலு பொண்ணுங்க சேர்ந்து வீடு எடுத்தா தீந்துது. பஸ் பயணம்னா ஹாஸ்டல் சேர்றது டிரான்ஸ்ஃபரைவிட எளிது. பிராஞ்ச்தான் பிரச்சினைன்னா, முதல் வருஷ முடிவுல காலேஜுக்குள்ளேயே பிராஞ்ச் மாத்த விடறாங்களான்னு கேளு. வாய்வார்த்தையா இல்லாம, விதி எழுத்துல இருக்கான்னு பாரு. அது இல்லேன்னாலும், அண்ணா யூனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல 18 கிரெடிட் கூடுதலாப் படிச்சா வேற துறையில மைனர் டிகிரி வாங்கலாம். ஐஐடி மெட்ராஸ் 2021லேருந்து நடத்துற பி.எஸ். டேட்டா சயின்ஸ் ஆன்லைன் படிப்பும் இருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க 2022லேயே யுஜிசி சம்மதம் கொடுத்துடுச்சு. மெக்கானிக்கல் சேர்ந்துட்டுக் கம்ப்யூட்டர் வேணும்னு ஏங்கறவங்களுக்கு, காலேஜ் மாறாம நடக்கிற காரியம் இது. ஆனா ஞாயித்துக்கிழமையை மறந்துடணும்.

பேர் சொல்லக் கூச்சம்னு எழுதியிருந்தா, கண்ணு, அது ரெண்டு வருஷத்துல உதிர்ந்துடும். கம்பெனிக்காரங்க அரியர் இருக்கா, சிஜிபிஏ எவ்வளவுன்னுதான் முதல் சல்லடையே போடறாங்க. மாறுற அலைச்சல்ல அது ரெண்டும் கெட்டுச்சுன்னா எந்தப் பேரும் உதவாது.

ஒண்ணு மட்டும் இந்தக் கணக்குல எதுலயும் சேராது. ராகிங், கை வைக்கிறது, மிரட்டறது, ஒரு வாத்தியார் தப்பாப் பேசறதுன்னு ஏதாவது நடந்தா சிலபஸ், ஃபீஸ், கிரெடிட்னு யோசிச்சுக்கிட்டு உட்காராதே. வீட்டுக்குச் சொல்லு. யுஜிசியோட ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. தமிழ்நாட்டுல 1997லேருந்து ராகிங் தடைச் சட்டம் இருக்கு. ஒரு வருஷம் போனாலும் போகட்டும்னு அப்பாகிட்ட நான் வந்து பேசறேன்.

சேர்ந்துக்கிட்டே ரிப்பீட் எழுதறது

இதைச் சுருக்கமா முடிக்கிறேன். ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கு அடுத்தடுத்த ரெண்டு வருஷத்துல ரெண்டே வாய்ப்பு. நீட்டுக்கு அந்த மாதிரி எண்ணிக்கை இல்ல, அதனாலேயே வீட்டுல முடிவெடுக்க மாட்டாங்க. பி.எஸ்சி.யில சேர்ந்து வெச்சுக்கிட்டு நீட் படிக்கிறேன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு ரெண்டும் அரைகுறையாத்தான் போகுது. காலையில லேப் ரெக்கார்டு, சாயங்காலம் கோச்சிங்னா எதுக்கும் உடம்பு தாங்காது. ரிப்பீட்னா ஒரு வருஷம் முழுசா ரிப்பீட் பண்ணு. இல்லேன்னா சேர்ந்த படிப்பைப் படி. எதுன்னாலும் முடிவை ஜூலையிலேயே எடு.

சேர்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

அண்ணா யூனிவர்சிட்டி ஒவ்வொரு செமஸ்டருக்கும் காலேஜ் வாரியாத் தேர்ச்சி விகிதம் வெளியிடும். ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காம நாலஞ்சு செமஸ்டரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. அட்டானமஸ் காலேஜ் தேர்வை அவங்களே நடத்தறதால அதை இந்த லிஸ்டோட ஒப்பிட முடியாது. என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனி. காலேஜ் வாசல்ல பெரிசா போர்டு வெச்சிருந்தாலும் உன் பிராஞ்சுக்கு இருக்கான்னு பாரு. நாக் கிரேடு மொத்தக் காலேஜுக்கும் சேர்த்துக் கொடுக்கிறது.

அட்மிஷன் நேரத்துல காலேஜ் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். அப்போ போகாதே. வகுப்பு நடக்கிற ஒரு வேலை நாள்ல, மதியம் ரெண்டு மணிக்குப் போ. லேப்ல ஆள் இருக்காங்களா, லைப்ரரியில உட்கார இடம் இருக்கான்னு பாரு. கேன்டீன்ல மூணாம் வருஷப் பிள்ளைங்களைப் பிடி. முதல் வருஷத்துக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஃபைனல் இயர்காரங்களுக்கு எல்லாமே கசப்பா இருக்கும். “எங்க பிராஞ்சுல இந்த வருஷம் எத்தனை சார் விட்டுட்டுப் போனாங்க?”ன்னு கேளு. பிளேஸ்மென்ட் போஸ்டர்ல இல்லாத விவரமெல்லாம் அந்தப் பதில்ல வந்துடும்.

இவ்வளவுக்கும் அப்புறம் நிஜமாவே மாற வேண்டிய சூழ்நிலை வந்துதுன்னா, வரிசை முக்கியம். முதல்ல போற காலேஜ்ல காலியிடமும் சம்மதமும் எழுத்துல வாங்கு. ரெண்டு காலேஜோட சிலபஸ் நகலையும் வெச்சு, எந்தெந்த பேப்பர் கூடுதலா எழுத வேண்டி வரும்னு துறைத் தலைவர்கிட்ட உட்கார்ந்து லிஸ்ட் போடு. அப்புறம் விண்ணப்பம். ஒப்புதல் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் பழைய காலேஜ்ல டிசி கேட்காதே, வகுப்புக்குப் போறதை நிறுத்தாதே, எக்ஸாம் ஃபீஸ் கட்டச் சொன்னா கட்டிடு. டிசி வாங்கின அன்னிக்கே நடத்தைச் சான்று, மார்க்ஷீட் நகல், யூனிவர்சிட்டியே மாறுறதா இருந்தா மைக்ரேஷன் சர்டிபிகேட் எல்லாத்தையும் கேட்டு வாங்கிடு. ஹாஸ்டல் டெபாசிட்டும் லைப்ரரி காஷன் டெபாசிட்டும் உன் பணம். நோ டியூஸ் பாரத்துல கையெழுத்து வாங்கும்போதே அதையும் எழுதிக் கொடுத்துட்டு வா.